கொங்குப் பிள்ளைகளும் புற்றுநோய் ஆராய்ச்சியும்: திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அவினாசிக்குப் பக்கத்தில் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான். புற்றுநோய் உயிரியலில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என்னைப் போலவே வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போன நாலைந்து பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களைச் சந்தித்து வழிகாட்டி வருகிறோம். திருப்பூர், கோபி, அந்தியூர், தாராபுரம், வால்பாறை என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். மே, ஜூன் வந்தால் பெற்றோரின் போன் ஓயாது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஏனுங்க, கேன்சர் ஆராய்ச்சின்னா மொதல்ல டாக்டருக்குப் படிக்கணும்ங்களா?

வேண்டியதில்லை. நோயாளியைப் பார்த்து மருந்து கொடுப்பவர் மருத்துவர். அந்த நோய் ஏன் வருகிறது, எப்படிப் பரவுகிறது, மருந்து ஏன் ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்கவில்லை என்று தேடுகிறவர்களில் பெரும்பாலோர் அறிவியல் படித்தவர்கள். விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம், வேதியியல், இயற்பியல், புள்ளியியல் என்று எதில் பட்டம் வாங்கியவருக்கும் இதில் இடமுண்டு.

நீட் எழுதி இடம் கிடைக்காத பிள்ளையை, வாழ்க்கையே போய்விட்டது போல வீட்டார் அழைத்து வருகிறார்கள். பிள்ளை தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும். அவர்களிடம் சொல்கிறேன்: இது மருத்துவம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாம் பந்தி இல்லை, வேறு ஒரு வேலை. கேள்வி கேட்கப் பிடித்த பிள்ளைக்கு இதுதான் முதல் பந்தி.

லேப்ல அதையே தொட்டுத் தொட்டு வேல செஞ்சா நமக்கும் ஒட்டிக்குமா?

ஒட்டாது. புற்றுநோய் செல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆய்வகத்தில் கவனமாக இருக்க வேண்டியது சில வேதிப்பொருட்களிடம். கையுறை, மேலங்கி, கழிவை எதில் போடுவது என்பதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு வரைக்கும் படிச்சுட்டே இருந்தா யாருங்க சோறு போடறது? பையன் கம்பெனிக்குப் போனா இன்னிக்கே சம்பளம் வருதே.

நியாயமான கேள்வி. இதைக் கேட்கிற அப்பாக்களை நான் ஒருநாளும் குறை நினைத்ததில்லை. கணக்கைப் பார்ப்போம். இளங்கலை 3 வருடம், முதுகலை 2 வருடம், அதன்பின் முனைவர் பட்டம் 5 அல்லது 6 வருடம். கையிலிருந்து செலவாவது முதல் ஐந்து வருடம்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுக் கல்லூரியாக இருந்தால் பஸ் செலவும் சாப்பாடும் போக அதிகம் ஆகாது.

முனைவர் பட்டம் படிப்பது வேறு கதை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், டிபிடி போன்ற மத்திய அரசுத் தேர்வுகளில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய். இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை. இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. அதாவது 22, 23 வயதில் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கிவிடுகிறான், படித்துக்கொண்டே. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சம்பாதிப்பதோடு இதை வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: இந்தப் பணம் சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாக வரும். சேர்ந்த முதல் மூன்று மாதத்துக்குக் கையில் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பியதால் ஒரு பையன் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டான். அந்தத் தப்பு எங்களுடையது. அதிலிருந்து எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நம்ம பக்கத்துப் புள்ளைகளுக்குன்னு தனியா எதுக்கு? படிக்கற புள்ள எங்கிருந்தாலும் படிச்சுக்காதா?

நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம் எங்கள் தொகுப்பில் பன்னிரண்டு பேர். பெற்றோர் இருவருமே கல்லூரி வாசலை மிதிக்காதவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் என்னைவிட மூளைசாலிகள் என்று முதல் ஆறு மாதம் நம்பினேன். பிறகுதான் புரிந்தது, அவர்களுக்கு வீட்டிலேயே யாரோ ஒரு சித்தப்பாவோ அத்தையோ, எந்தத் தேர்வு எப்போது வரும், யாருக்கு எழுத வேண்டும், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தறிக்காரர் மகள், அருந்ததியர் தெருப் பையன், சத்தியமங்கலம் மலையிலிருந்து வருகிற பிள்ளை, எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் என எல்லோரும் நிற்கிற இடம் இதுதான்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு வகுப்பில் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தோம்: புகையிலை போடுவீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடமாக. சோமனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க அம்முச்சி ராத்திரி படுக்கறப்பவும் கன்னத்துல அடக்கிட்டுத்தான் மேடம் தூங்கும். அத ஏன் நாம கேக்கல?" என்றாள். புகையிலையை எந்தப் பக்கம் அடக்குகிறார்களோ அந்தப் பக்கக் கன்னத்தில்தான் புண் வருகிறது. ராத்திரி முழுக்க அடக்கி வைப்பது ஆபத்தை இன்னும் கூட்டும். பாடப் புத்தகத்தை மட்டும் படித்து வந்த எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. நோய் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளை ஆராய்ச்சிக்கு வராவிட்டால், கேட்க வேண்டிய கேள்வியே கேட்கப்படாமல் போய்விடும்.

தமிழ் மீடியம்ங்க. இங்கிலீசுல பேசுனா கை நடுங்குது. எனக்கு இது ஆகுமா?

ஆகும். ஆராய்ச்சிக்குத் தேவைப்படுவது ஒரு குறுகிய ஆங்கிலம். ஒரு கட்டுரையின் சுருக்கத்தை எடுத்துக்கொண்டால், அதில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் இருநூறைத் தாண்டாது. வாரம் ஒரு சுருக்கம் படி. ஒவ்வொரு வரிக்கும் கீழே உன் தமிழில் என்ன புரிந்தது என்று எழுது. ஆறு மாதத்தில் இருபத்தைந்து சுருக்கம். அப்புறம் பார், அகராதியைத் தேடுவது குறைந்திருக்கும்.

பேச்சு கடைசியாகத்தான் வரும், வரட்டும். நேர்காணலில் "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லத் தெரிந்தாலே பாதி நடுக்கம் போய்விடும். ஆய்வகக் குறிப்பேட்டில் மட்டும், யோசனையைத் தமிழில் எழுதினாலும், எண்ணையும் அளவையும் அன்றே, அப்போதே எழுது.

வழிகாட்டின்னா டியூசன் எடுக்கற மாதிரியாங்க? பீஸ் எவ்வளவு?

பீஸ் கிடையாது. டியூஷனும் இல்லை. ஒரு மாணவருக்கு ஒரு வழிகாட்டி. மாதம் ஒருமுறை நேரிலோ வீடியோவிலோ ஒரு மணி நேரம். நடுவில் என்ன கேட்டாலும் இரண்டு நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது நாங்கள் எங்களுக்கே வைத்துக்கொண்ட விதி. விண்ணப்பத்தைத் திருத்துவது, தேதியை நினைவூட்டுவது, ஒத்திகை நேர்காணல் வைப்பது, பரிந்துரைக் கடிதம் எழுதுவது, வீட்டாரிடம் பேசுவது எல்லாம் இதில் வரும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "நல்ல மாணவி, ஒழுக்கமானவர்" என்று எழுதினால் எந்தத் தேர்வுக் குழுவும் திரும்பிப் பார்க்காது. அவள் என்ன செய்தாள், எங்கே சறுக்கினாள், எப்படிச் சரி செய்தாள் என்று எழுத வேண்டும். அப்படி எழுத ஒரு வருடமாவது அவளைப் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் இறுதியாண்டில் வந்து அவசரமாகக் கடிதம் கேட்கிறவர்களைவிட, முதலாண்டிலேயே வருகிறவர்களுக்கு எங்களால் அதிகம் செய்ய முடிகிறது.

எங்க காலேஜ்ல மைக்ராஸ்கோப் பீரோவுக்குள்ள பூட்டியிருக்கும் மேடம். கையில ஒண்ணுமே செஞ்சதில்ல. எங்க போய்க் கத்துக்கறது?

பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம், உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. விண்ணப்பம் பொதுவாகத் தீபாவளியை ஒட்டி வரும், கோடை வந்தபிறகு தேடினால் கிடைக்காது. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. முதுகலைத் திட்டப்பணிக்கு நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஆக்ட்ரெக், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவற்றை எழுதிக் கேட்கலாம்.

அதற்கு முன்னால் கை பழக வேண்டும். துளியளவு திரவத்தை அளந்து எடுக்கிற மைக்ரோ பிப்பெட்டைக் கொடுத்து, சாயம் கலந்த தண்ணீரில் பழக்குகிறோம். அதன் தலையை அழுத்தினால் கட்டை விரலுக்கு இரண்டு நிறுத்தம் தெரியும். முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், இரண்டாவது வரை அழுத்தி வெளியே விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சிவிடுவார்கள், அளவு கூடிவிடும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் தராசில் 0.1 கிராம் காட்ட வேண்டும். பத்து தடவை எடுத்துப் பத்து தடவையும் அதே எண் வந்தால்தான் அடுத்த படி. விடுமுறையில் திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு பெண் முதல் நாளே அதைச் செய்துவிட்டாள். ஆயிரம் பனியனில் ஒரு விட்ட தையலைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. பின்னாளில் ஒரு ஆய்வகத்தில், செல் வளர்த்த குடுவையில் பூஞ்சை பிடித்ததை எல்லோருக்கும் முன்பு பார்த்தவளும் அவள்தான்.

பதினஞ்சு புரபசருக்கு மெயில் போட்டேன். ஒருத்தர்கூட பதில் போடல. சிபாரிசு இருந்தாத்தான் நடக்குமா?

அந்தப் பதினைந்து மெயிலையும் வாங்கிப் பார்த்தேன். பதினைந்தும் ஒரே மெயில். "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா" என்று தொடங்கி, கபடியில் வாங்கிய சான்றிதழ் வரை எல்லாம் இருந்தது. யாருக்கு எழுதினோம் என்பது மட்டும் இல்லை.

ஆறு வரி போதும். உன் பெயர், கல்லூரி, வருடம். அவருடைய ஒரு கட்டுரையில் உனக்குப் புரிந்த ஒன்று. அதில் உனக்கு எழுந்த ஒரு சந்தேகம். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும். கல்லூரிக் கடிதம் இருக்கிறதா. நன்றி. பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். இப்படி எழுதினாலும் நாலில் மூன்று பேர் பதில் போட மாட்டார்கள். அது உன்மேல் உள்ள குறை இல்லை, அவர்களுக்கு அத்தனை மெயில் வருகிறது. நாலாவது ஆளைத்தான் தேடுகிறோம்.

சர்டிபிகேட் எல்லாம் இருக்குதுங்க. பிசின்னு வாங்கி வெச்சிருக்கோம். அப்புறம் ஏன் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க?

மத்திய அரசு நிறுவனங்களுக்குத் தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்று போதாது. ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும், அதில் "வசதி படைத்தோர் பிரிவைச் சாராதவர்" என்று இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தந்த நிதியாண்டுக்கு உரியதைத்தான் கேட்பார்கள், ஆகவே ஏப்ரலில் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணச் சலுகை, வயதுத் தளர்வு, நெட் தேர்வுக்குத் தேவையான முதுகலை மதிப்பெண் 55 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைவது எல்லாம் இந்த ஒரு தாளில் இருக்கிறது.

அந்தியூர்ப் பக்கத்துப் பர்கூர் மலைப் பிள்ளைகளின் நிலைமை வேறு. மலையாளி இனத்தவரை (கேரளத்தார் இல்லை, இங்குள்ள மலைவாழ் மக்கள்) பழங்குடியாக ஏற்கிற பட்டியல் சேலம், தருமபுரி போன்ற பழைய மாவட்டங்களின் பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர்களில் கோவை மாவட்டம் இல்லை, அதிலிருந்து 1979-இல் பிரிந்த ஈரோடும் இல்லை. கொல்லிமலையில் இருக்கிற உறவினருக்குக் கிடைக்கிற சான்று அந்தியூர் மலையில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. இதை எங்களால் தீர்க்க முடியாது, மனம் வெந்துதான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு, சாதிச் சான்று கேட்காத, தகுதியும் வருமானமும் மட்டும் பார்க்கிற உதவித்தொகைகளைத் தேடிக் கொடுக்கிறோம்.

காந்திபுரத்துல ப்ராஜெக்ட் சென்டர் இருக்குதுங்க. காசு குடுத்தா தீசிஸே ரெடியா தர்றாங்க. எல்லாரும் அதத்தான பண்றாங்க?

செய்யாதே. எங்களிடம் வரும் பிள்ளைகளிடம் நான் கறாராக நிற்கிற இடம் இது. நேர்காணலில் உன் திட்டப்பணியைப் பற்றித்தான் முதல் கேள்வி. "கட்டுப்பாட்டுக் குழுவில் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற குழு) என்ன வைத்தாய்?" என்று கேட்டவுடன், காசு கொடுத்து வாங்கியவர் திணறுவது வெளிப்படையாகத் தெரியும். அதைவிடப் பெரிய நஷ்டம், நீ கற்றுக்கொள்ள வேண்டிய ஆறு மாதத்தை இன்னொருவருக்குக் காசும் கொடுத்து விட்டுக்கொடுக்கிறாய்.

சில இடங்களில் ஆசிரியர்களே அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் முதுகலை படித்தபோது என் துறையிலும் அப்படித்தான் சொன்னார்கள். நான் போகவில்லை, கல்லூரிக் கொல்லையில் எடுத்த மண்ணில் பாக்டீரியா வளர்த்து, சுமாரான முடிவோடு சுமாரான மதிப்பெண் வாங்கினேன். ஆராய்ச்சி நேர்காணலில் அரை மணி நேரம் அந்தச் சுமாரான வேலையைப் பற்றியே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுகிற இதழ்களுக்கும் இதே பதில்தான்.

எங்க அப்பாரு மூலிகை வைத்தியம் பாத்தவருங்க. அவரு குடுத்த பச்சிலைய வெச்சு கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கலாம்ல?

தேடலாம், தேட வேண்டும். நித்தியகல்யாணிச் செடி நம் வாசலிலேயே பூக்கிறது. அதன் இலையைச் சர்க்கரை நோய்க்காக ஆராய்ந்தபோதுதான் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டு, 1950களில் கனடாவில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது இலையை அரைத்துக் கொடுத்து வந்ததல்ல. ஒற்றை மூலக்கூறைப் பிரித்து, அளவைக் கண்டுபிடித்து, எது விஷம் எது மருந்து என்று வருடக்கணக்கில் பார்த்து வந்தது.

மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு வளர்க்கிறார்களே, செங்காந்தள், அதன் விதை எதற்கு விலை போகிறது தெரியுமா? அதில் கோல்கிசின் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கிற நுண்ணிழைகளை அது உருவாக விடாது. பிரிவு பாதியிலேயே நின்றுவிடும், அப்போது குரோமோசோம்களைக் கண்ணால் எண்ணலாம். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று 1956-இல் ஸ்வீடனிலிருந்து ட்ஜியோ, லெவான் என்ற இரு விஞ்ஞானிகள் சரியாக எண்ணிச் சொன்னது கோல்கிசினைப் பயன்படுத்தித்தான். அதற்கு இருபது வருடம் முன்பே நம் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். வின்கிரிஸ்டினும் அதே நுண்ணிழைகளைத்தான் தாக்குகிறது. அப்புறம் ஏன் கோல்கிசின் புற்றுநோய் மருந்தாகவில்லை? நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்கிறது, கொஞ்சம் கூடினால் ஆளையே கொல்லும். கிழங்கைத் தின்று இறந்தவர்களை அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஆகவே, தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுநோய் செல்மேல் பச்சிலைச் சாற்றை ஊற்றினேன், செல் செத்தது என்று மட்டும் கொண்டு வராதே. உப்பைக் கொட்டினாலும் செல் சாகும். நல்ல செல் பிழைத்ததா, எந்த அளவில், சாற்றில் எந்தப் பொருள் என்று கேட்கத் தொடங்கினால் அப்பாருக்கும் பெருமை. ஆராய்ச்சி முடியும் வரை அதை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. கீமோவை நிறுத்திவிட்டுப் பச்சிலைக்குப் போனவர்கள் நோய் முற்றித் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

சாயத்தண்ணியாலதான் எங்க ஊர்ல இத்தன பேருக்குக் கேன்சர்னு எல்லாரும் சொல்றாங்க. அத நானே ஆராய்ச்சி பண்ணி நிரூபிக்க முடியுமா?

"நிரூபிக்க" என்று ஆரம்பிக்காதே, "உண்மையா என்று பார்க்க" என்று ஆரம்பி. கேள்வி அர்த்தமுள்ளது. சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பை புற்றுநோய் வருவதை 1895-லேயே ஜெர்மனியில் ரெய்ன் என்ற அறுவை மருத்துவர் கவனித்தார். பென்சிடின் போன்ற பொருட்கள் காரணம் என்று பிறகு தெளிவானது. சாயத்தண்ணீர் கலந்த நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நீ சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாய்.

ஆனால் ஒரு தெருவில் ஐந்து பேருக்கு நோய் என்பதிலிருந்து காரணத்துக்குத் தாவ முடியாது. ஊரில் மொத்தம் எத்தனை பேர், என்ன வயது, எந்த உறுப்பில் வந்த நோய், சாயப்பட்டறை இல்லாத ஊரில் எத்தனை பேர், புகையிலைப் பழக்கம் யாருக்கு, எத்தனை வருடமாக அந்தத் தண்ணீர்? வயதானவர்கள் கூடினாலே எண்ணிக்கை கூடும். பட்டறைக்கு உள்ளே வேலை செய்தவரையும், வெளியே கிணற்றுத் தண்ணீர் குடித்தவரையும் ஒன்றாகப் போடக் கூடாது. இதற்கெல்லாம் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு வேண்டும், அதாவது ஒரு பகுதியில் யாருக்கெல்லாம் எந்தப் புற்றுநோய் வந்தது என்று தொடர்ந்து எழுதி வைக்கிற கணக்கு. அடையாறு நிலையம் சென்னைக்கான பதிவேட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்துகிறது, மாநிலம் முழுவதற்கும் பதிவு செய்யும் பணியும் அங்கே நடக்கிறது.

ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலை உலகத்தை மாற்றும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பார்க்கிற எளிய பரிசோதனையைச் செவிலியர்கள் செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் வரும் சாவு 35 விழுக்காடும் குறைந்தது. இது 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருந்த பதிவேடு இல்லாவிட்டால் அந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது. நொய்யல் கேள்விக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

லேப் வேலை எனக்குப் புடிக்கலீங்க. கணக்கும் கம்ப்யூட்டரும்தான் வரும்.

அதற்கும் ஆள் தேவை. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு அட்லஸ் 33 வகைப் புற்றுநோய்களின் தரவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் இந்தியப் புற்றுநோய் மரபணுத் தரவுத் தளத்தை வெளியிட்டது. அந்தத் தரவை அலசப் பயன்படும் ஆர் (R) என்ற கணினி மொழியும் இலவசம். ஒரு பழைய லேப்டாப் இருந்தால் கோபியில் உட்கார்ந்துகொண்டே பழகலாம். இயற்பியல் படித்தவர்கள் மருத்துவ இயற்பியலைப் பார்க்கலாம், கதிர்வீச்சு சிகிச்சைக்கு அளவு கணக்கிடுகிறவர்கள் அவர்கள்தான். பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே அந்தத் துறை இருக்கிறது.

பொட்டப்புள்ளய மும்பைக்கு எப்படிங்க தனியா அனுப்பறது? கல்யாணத்துக்கு வேற பாக்கணும்.

இதற்கு நான் வாதம் செய்வதில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன். காங்கேயத்து அம்மா ஒருவரை மகளோடு ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஆய்வகத்தை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், ராத்திரி ஆய்வகத்திலிருந்து வந்தால் யார் கூட வருவார்கள், சமையலில் எண்ணெய் என்ன என்று வார்டனிடம் கேட்டார். கேட்டு முடித்து வெளியே வந்து, "இருக்கட்டும் கண்ணு, படி" என்றார்.

கல்யாணம் செய்துகொண்டு படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மகப்பேறு விடுப்பு உண்டு, முனைவர் பட்டத்தை முடிக்கக் கூடுதல் காலமும் உண்டு. சம்பந்தம் பேசும்போதே, படிப்பு இன்னும் இத்தனை வருடம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது. மறைத்துச் செய்த இடங்களில் படிப்புதான் நின்றது.

கோட்டாவுல வந்தவன்னு லேப்ல முதுகுக்குப் பின்னால பேசறாங்க. என்ன பண்றது?

முதலில், அந்த இடம் உன்னுடையது. மேலே சான்றிதழ் கேள்வியில் சொன்ன தளர்வு வாசலில் நுழைவதற்குத்தான். உள்ளே எல்லோருக்கும் அதே தேர்வு, அதே ஆய்வேடு. பேச்சாக மட்டும் இருந்தால் வழிகாட்டியிடம் சொல், மனதில் வைத்துப் புழுங்காதே. வேலையைத் தடுப்பது, கருவியைத் தராமல் இருப்பது, அவமானப்படுத்துவது என்று போனால் தேதி போட்டு எழுதி வை. நிறுவனத்தில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான குறைதீர் பிரிவு இருக்கும். பெண்களுக்கு உள் புகார்க் குழு சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். நாங்கள் கூட வருவோம். சிலருக்கு ஆய்வகத்தையே மாற்றிக் கொடுக்கச் செய்திருக்கிறோம்.

நான் வெளிநாட்டுல சயன்டிஸ்டா இருக்கேன். சொந்த ஊரு பெருந்துறை. ஊருக்கு வரும்போது ஒரு மோட்டிவேசன் ஸ்பீச் குடுக்கட்டுமா?

வாருங்கள், ஆனால் பேச்சு வேண்டாம். ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஒரு மெயிலைத் திருத்திக் கொடுங்கள், ஒரு ஒத்திகை நேர்காணல் நடத்துங்கள். ஆராய்ச்சியின் இரண்டாம் வருடம் எதுவும் வேலை செய்யாமல் பிள்ளை உடைந்து போகும், அப்போது போனை எடுங்கள். உங்களுக்கும் அந்த வருடம் வந்திருக்கும், அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பாதியில விட்டுட்டா அத்தன வருசமும் வீணுதானுங்க?

இல்லை. மருத்துவமனைகளில் நடக்கிற மருந்துப் பரிசோதனைகளுக்கு ஒருங்கிணைப்பாளர்கள், தரவு மேலாளர்கள், பதிவேட்டுப் பணியாளர்கள், நோய்க்கூறு ஆய்வகங்களுக்கு ஆட்கள் எல்லாம் வேண்டும். எங்களிடமிருந்து போனவர்களில் இருவர் ஆராய்ச்சியை விட்டார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. அவர் வகுப்பிலிருந்து வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது எங்களிடம் வருகிறது.

எங்கம்மாவுக்கு மார்புல கட்டி. அதனாலதான் இந்தப் படிப்புக்கு வந்தேன் மேடம். நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள அம்மா இருப்பாங்களா?

இதைக் கேட்ட பையனுக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்: ஆய்வகத்தில் கண்ட ஒன்று மருந்தாகி வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அம்மாவைக் காப்பாற்றப்போவது இப்போது இருக்கிற சிகிச்சை. அதைத் தவறாமல் முடிப்பதுதான் முதல் வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, அந்த அட்டையை எடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் போய் எடுத்தான். கீமோ நாட்களில் வகுப்புக்கு வர வேண்டாம் என்றோம்.

அவன் செய்த முதல் ஆராய்ச்சி வேலையும் அம்மாவால் வந்ததுதான். நோயாளியிடம் கட்டியின் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குக் கேட்கும்போது ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் படிவத்தின் தமிழைத் திருத்தும் வேலையை அவனிடம் கொடுத்திருந்தோம். வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மூன்றாவது வரியிலேயே அம்மா நிறுத்தி, "திசுன்னா என்ன சாமி?" என்று கேட்டிருக்கிறார். அவன் அந்த வரியை அடித்துவிட்டு எழுதிக் கொண்டுவந்தது இது: "உங்க கட்டிய ஆபரேசன்ல எடுத்த பின்னால, அதுல ஒரு சின்னத் துண்ட நாங்க ஆராய்ச்சிக்கு வெச்சுக்கலாங்களா? வேண்டாம்னு சொன்னாலும் உங்க வைத்தியம் அதே மாதிரி நடக்கும்."